கொண்டலும் கோடையும்



வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது, "கடலோர மாவட்டங்கள்" என்றும் "உள் மாவட்டங்கள்" என்றும் இரு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டிருப்பீர்கள். சென்னையிலும் கடலூரிலும் உள்ளவர்கள் முதற்பகுதியைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். காட்பாடியிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள நாம் இரண்டாம் பகுதிக்குக் காத்திருக்க வேண்டும். காட்பாடிச் சந்திப்பிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். விரைவு வண்டியில் இரண்டு மணி நேரப் பயணம். ஆயினும் சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் அந்த வண்டியில் ஏறிச் சென்று கடற்கரையில் இறங்குகிறவர், வேறொரு நாட்டிற்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார். இவ்வளவு குறுகிய தொலைவிற்குள் இத்தனை வேறுபாடு ஏன் என்பதையும், வருகிற வாரத்து வானிலையை நீங்கள் எவ்வாறு படித்தறிய வேண்டும் என்பதையும் இன்று கூற விழைகிறேன்.

வருகிற வாரம் சித்திரையின் இரண்டாம் வாரம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரை வைகாசியை இளவேனில் என்றனர். ஆங்கிலப் பாடநூலில் 'ஸ்பிரிங்' என்று வருமிடத்தில் எல்லாம் நாம் இளவேனில் என்றோ வசந்தம் என்றோ மொழிபெயர்த்து விடுகிறோம். அங்கே பனி உருகிப் புல் தளிர்க்கும் காலம் அது. இங்கோ வேம்பு பூக்கும், மா காய்க்கும், கிணறு வற்றும் காலம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என மயங்கி, இளவேனிலில் பனித்துளி சொட்டுவதாகக் கட்டுரை எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'இள' என்ற அடைமொழியைக் கண்டு ஏமாறக் கூடாது. வேனில் என்பதே வெப்பத்தைக் குறிக்கும் சொல். இளையது எனினும் அது வேனிலே.

நம் இலக்கியம் நிலத்தையும் ஐந்தாகப் பகுத்தது நீங்கள் அறிந்ததே. அவற்றுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். பாலைக்கு மட்டும் தனி நிலம் சொல்லப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு தம் இயல்பு கெடும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இது வெறும் கவிக் கற்பனை என்று எண்ண வேண்டா. பாலை என்பது வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் இடமன்று, ஒரு நிலம் சில காலம் அடையும் நிலை என்னும் கருத்து வானிலை நூலார்க்கும் உடன்பாடானதே. வேலூர் வட்டாரம் கடற்கரையும் அன்று, பாலைவனமும் அன்று. ஆனால் சித்திரை வைகாசியில் ஒரு வாரம் அதன் மேல் நெய்தலின் காற்று வீசும். மறுவாரம் பாலையின் காற்று வீசும். எந்தக் காற்று வீசுகிறதோ அதுவே அவ்வாரத்தின் வானிலை.

காற்றுகளுக்கும் திசைவாரியாகத் தமிழில் பெயர் உண்டு. காட்பாடிச் சந்திப்பில் நின்றுகொண்டு இவற்றைக் கற்பது எளிது. கிழக்கே சென்னைக்குப் போகும் பாதையின் பக்கமிருந்து வருவது கொண்டல். வடக்கே திருப்பதிப் பாதையின் பக்கமிருந்து வருவது வாடை. தெற்கே விழுப்புரத்துப் பாதையின் பக்கமிருந்து வருவது தென்றல். மேற்கே சோலார்ப்பேட்டைப் பாதையின் பக்கமிருந்து வருவது கோடை. இந்த நான்காம் பெயரைக் கவனியுங்கள். மேற்குக் காற்றிற்கும் வெப்பக் காலத்திற்கும் தமிழர் ஒரே சொல்லை வைத்தார்கள். கோடை வந்தால் கோடை என்று அவர்கள் கண்டறிந்திருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் தோலால் உணர்ந்து எழுதிய குறிப்பு அது.

நிற்க. வருகிற வாரத்தில் ஒரு சிறப்பு உண்டு. ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டி, நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நமக்கு நண்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. ஏறத்தாழ 12 மணி 12 நிமிடம். இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் இந்தத் தாமதம். அவ்வேளையில் ஒரு நேரான கோலை நிலத்தில் செங்குத்தாக நாட்டினால் அதன் நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். இது மீண்டும் ஆகஸ்டு 18ஐ ஒட்டி நிகழும். ஆகஸ்டில் வானம் பெரும்பாலும் முகிலால் மூடியிருக்கும். ஆதலின் பார்க்க விரும்புவோர்க்கு ஏப்ரலே ஏற்றது.

சூரியன் உச்சிக்கு வரும் நாளே ஆண்டின் மிக வெப்பமான நாளாக இருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி இருப்பதில்லை. அடுப்பில் வைத்த நீர் தீ மூட்டியவுடன் கொதிப்பதில்லை அன்றோ? நிலம் தான் பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் குறைவாக இருக்கும்வரை சூடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாளின் உச்ச வெப்பம் நண்பகலில் வாராமல் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வருவதற்கும், ஓர் ஆண்டின் உச்ச வெப்பம் ஏப்ரலில் வாராமல் மே மாதத்திற்குத் தள்ளிப்போவதற்கும் காரணம் இந்தச் சேமிப்பே. பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் என்றும், பேச்சுவழக்கில் கத்திரி என்றும் சொல்லப்படும் நாள்கள் மே 4ஐ ஒட்டித் தொடங்கி அம்மாத இறுதி வாரத்தில் முடிகின்றன. கணித்தவர் சோதிட முறையில் கணித்தாராயினும் காலத்தைச் சரியாகவே குறித்தார்.

இனிக் கொண்டலைப் பார்ப்போம். காலையில் கதிர் பட்டதும் நிலம் விரைந்து சூடேறுகிறது. மண்ணில் அச்சூடு சில விரற்கடை ஆழத்திற்கு மேல் இறங்குவதில்லை; ஆகவே மேற்பரப்பு கொதிக்கிறது. கடலிலோ கதிர் ஆழ்ந்து இறங்குகிறது, அலை கலக்கிவிடுகிறது, நீரைச் சூடாக்குவதற்கும் மண்ணைவிட மிகுந்த வெப்பம் வேண்டும். எனவே நிலத்தின் மேலுள்ள காற்று 38, 39 பாகை செல்சியஸை எட்டும் வேளையில் வங்கக் கடலின் மேற்பரப்பு 29, 30 பாகையில்தான் இருக்கும். சூடான காற்று விரிந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்பக்கத்துக் குளிர்ந்த காற்று நிலத்திற்குள் புகுகிறது. இதுவே கடற்காற்று. நல்ல நாளில் இது முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குச் சென்னைக் கரையைத் தொடும். தொட்டதும் அங்கே வெப்பமானி ஏறுவதை நிறுத்திவிடும். சில வேளைகளில் இறங்கவும் செய்யும். சென்னைக்காரர் தம் நகரத்து வெயிலைப் பற்றி எவ்வளவு முறையிட்டாலும், உச்சிப் பொழுதில் கடலே வந்து அவருக்கு விசிறுகிறது.

நமக்கு அந்த விசிறி எட்டுவதற்குள் பொழுது போய்விடுகிறது. கடற்காற்று நிலத்திற்குள் மெல்லவே நடந்து வரும். திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் கடந்து அது நம் பக்கம் வருவதற்கு மாலையாகும். சில நாள்களில் இரவாகும். பல நாள்களில் வருவதே இல்லை. வந்தாலும் தன் குளிர்ச்சியிற் பெரும்பகுதியை வழியிலேயே கொடுத்துவிட்டு வரும். உச்ச வெப்பம் பிற்பகல் மூன்று மணிக்கே வந்து போய்விட்டதால், இரவு வரும் காற்று அன்றைய அதிகபட்ச வெப்பத்தைக் குறைக்க முடியாது. உறக்கத்திற்கு மட்டும் உதவும். அதையும் சிறிது என்று சொல்லிவிடுவதற்கில்லை.

இதற்கு எதிரே நிற்பது கோடை. தக்காணப் பீடபூமியின் சூடேறிய நிலப்பரப்பைத் தடவிக்கொண்டு மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் இறங்கி வரும் வறண்ட காற்று இது. நமக்கு வடமேற்கே இருக்கும் இராயலசீமையில் அனந்தப்பூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டரே. அத்தகைய மண்ணின் மேல் வரும் காற்றில் ஈரம் எங்கிருந்து வரும்? மேட்டிலிருந்து தாழ்விற்கு இறங்கும் காற்று அமுக்கப்பட்டு மேலும் சூடேறும் என்பது இயற்பியல் படிக்கும் மாணவர்க்குத் தெரிந்ததே. இக்காற்று வலுத்து வீசும் நாளில் கடற்காற்றால் கரையேறவே முடிவதில்லை. அப்போது சென்னையும் வேலூராகிவிடும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவாயிற்று. கடலருகே இருந்தும் கடல் காக்கவில்லை என்பதற்கு அந்த நாள் சான்று.

வேலூரைப் பற்றி மக்கள் வழங்கும் ஒரு பழமொழி போன்ற பேச்சு உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, கடவுளில்லாத கோயில் என்று வேடிக்கையாக அடுக்குவார்கள். கோயிலைப் பற்றிய பேச்சு 1981இல் பொய்த்துவிட்டது. கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலில் அவ்வாண்டு இறைவன் மீண்டும் எழுந்தருளினார். கோட்டைக்கும் வானிலைக்கும் தொடர்பில்லை. ஆனால் முதல் இரண்டும் வானிலைப் பாடங்களே. ஆற்றில் நீர் ஓடினால் கதிரின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதில் செலவாகும். காற்றைச் சூடாக்க அவ்வளவு மிஞ்சாது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடுகிறது. மலையில் மரமிருந்தால் இலைகள் ஈரத்தை வெளிவிட்டுக் குளிர்விக்கும். வெறும் பாறையோ பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, நாம் பாய் விரித்த பிறகு அதைத் திருப்பித் தருகிறது. ஆகவே நம்மூரில் பகலின் உச்ச வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது. இரவின் தாழ்ந்த வெப்பத்தையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த வெப்பமே 29, 30 பாகையில் நின்றுவிட்டால் உடல் இளைப்பாற இடமில்லை. இரண்டு மூன்று நாள் அப்படித் தொடர்ந்தால் முதியவர்கள் தளர்ந்துபோவார்கள்.

கடற்கரையும் பாலையும் உண்மையாகவே அடுத்தடுத்து அமைந்த நாடு ஒன்றைக் காண விரும்பினால், குசராத்து மாநிலத்தின் கட்சுப் பகுதியை வரைபடத்தில் எடுத்துப் பாருங்கள். தெற்கே அரபிக் கடல். வடக்கே உப்புப் படிந்த ரண். அதற்கும் அப்பால் தார் பாலைவனம். இதே இளவேனில் வாரத்தில் கடற்கரையில் உள்ள மாண்டவி கடற்காற்றில் தணிந்திருக்க, உள்ளே அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ள புச்சு நகரம் அனலில் இருப்பது அங்கே வழக்கம். அப்பகுதி வானிலை அறிக்கையில் கரைக்கு 'வெப்பமும் புழுக்கமும்' என்றும், உள்நாட்டிற்கு 'வெப்ப அலை' என்றும் ஒரே நாளில் இரு எச்சரிக்கைகள் வருவதுண்டு. இன்னும் வடக்கே சென்றால் இராசத்தானத்தில் பலோதி; 2016 மே 19 அன்று அங்கே 51 பாகை பதிவாயிற்று. நம் நாட்டில் முறையாகப் பதிவான உச்சங்களுள் தலையாயது அது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தென்கோடியில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பாருங்கள். கடல் கூப்பிடு தொலைவில் இருக்க, செம்மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. கடலுக்கு அண்மையில் இருப்பது மட்டும் ஒரு நிலத்தைக் குளிர்விப்பதில்லை. காற்று கடலிலிருந்து வர வேண்டும்.

அதே குசராத்தில் அகமதாபாது நகரில் 2010 மே மாதத்தில் ஒரு வெப்ப அலை வீசியது. வழக்கமாக அம்மாதத்தில் நேரும் இறப்புகளைக் காட்டிலும் 1,300க்கு மேற்பட்ட இறப்புகள் மிகுதியாக நேர்ந்தன என்று பின்னர்க் கணக்கிட்டார்கள். புயலில் கூரை பறப்பதைக் காண்கிறோம். வெள்ளத்தில் வீடு மூழ்குவதைக் காண்கிறோம். வெப்பத்தால் இறப்பவர் தம் வீட்டுத் திண்ணையில், தம் கட்டிலில், ஓசையின்றி இறக்கிறார். அதனால்தான் எண்ணிப் பார்க்கும்வரை எவருக்கும் தெரியவில்லை. அந்நகராட்சி 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஏழு நாள் முன்னறிவிப்பைக் கொண்டு மருத்துவமனைகளுக்கும் மக்களுக்கும் முன்கூட்டியே செய்தி சொல்வது அதன் உயிர்நாடி. வானிலை அறிக்கை உயிர் காக்கும் கருவி என்பது புயலுக்கு மட்டும் பொருந்துவதன்று என அது காட்டியது. தமிழ்நாடு அரசும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வழி செய்தது. உதவித்தொகை வேண்டியதே, அது தேவைப்படாமல் செய்வது அதனினும் வேண்டியது.

ஏழு நாள் முன்னறிவிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். 1792இல் சென்னையில் வானாய்வுக் கூடம் நிறுவப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இன்று உலகெங்கும் ஒரே நேரத்தில், நம் கணக்கில் காலை 5.30க்கும் மாலை 5.30க்குமாக, கருவி கட்டிய பலூன்கள் வானில் ஏற்றப்படுகின்றன. செயற்கைக்கோள்கள் முகிலைப் பார்க்கின்றன. ரேடார் மழையைப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் பெருங்கணிப்பொறிகள் இயற்பியல் சமன்பாடுகளில் இட்டுக் கணிக்கின்றன. நாளையும் மறுநாளும் எப்படி இருக்கும் என்பதில் அக்கணிப்பு பெரிதும் நம்பத்தக்கது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று போகப்போகத் துணிவு குறையும். தொடக்கத்தில் உள்ள மிகச் சிறு பிழையும் நாள் செல்லச் செல்லப் பெருகிவிடும் என்பதை 1963இல் எட்வர்டு லோரன்சு என்னும் அமெரிக்க அறிஞர் கணித வழியாகக் காட்டினார். ஆதலின் ஏழாம் நாளுக்குச் சொன்னதை இன்றே மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு பார்க்காமலிருப்பவர், வாரத்தின் நடுவில் அறிக்கை மாறும்போது துறையைக் குறை கூறுவார். முன்னறிவிப்பு என்பது நாள்தோறும் திருத்தி எழுதப்படும் ஏடு. வியாழக்கிழமைதோறும் அடுத்த இரு வாரங்களுக்கான பொதுநோக்கு ஒன்றையும் துறை வெளியிடுகிறது. வேளாண்மை செய்வோர்க்கு அது பெரிதும் பயன்படும்.

'வெப்ப அலை' என்ற சொல்லிற்கும் வரையறை உண்டு; அதைத் தெரிந்துகொள்வது நல்லது. சமவெளியில் உள்ள ஓர் ஊரில் அதிகபட்ச வெப்பம் குறைந்தது 40 பாகையை எட்ட வேண்டும். கடலோரமாயின் 37 போதும். அத்துடன் அந்நாளுக்குரிய இயல்பு வெப்பத்தைவிட 4.5 பாகையோ அதற்கு மேலோ கூடியிருக்க வேண்டும். அல்லது இயல்பு எதுவாயினும் 45 பாகையைத் தொட்டுவிட வேண்டும். இவ்வரையறையில் நம்மைப் போன்ற ஊரார்க்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் ஊரின் மே மாத இயல்பே 39 பாகை என்று கொள்வோம். அங்கே 43 பாகை வெயில் அடித்தாலும் கூடுதல் நான்குதான்; எனவே வரையறைப்படி அது வெப்ப அலை ஆகாது. அளவுகோல் தவறு என்று நான் சொல்லவில்லை. இயல்பிலிருந்து விலகுவதை அளப்பதற்கு அது ஏற்றதே. ஆனால் நம் உடலுக்கு இயல்பும் விலகலும் தெரியாது. 43 மட்டுமே தெரியும். அறிக்கையில் அந்தச் சொல் வரவில்லை என்பதற்காக வெளியில் பந்தாடக் கிளம்புகிற பிள்ளைகளை நினைத்தே இதைச் சொல்லுகிறேன்.

செய்தித்தாள்களுக்கோ வேறொரு பித்து. 'வெயில் சதம் அடித்தது' என்று எழுதுவதில் அவற்றிற்கு அளவற்ற மகிழ்ச்சி. அந்த நூறு பாரன்ஹீட் கணக்கு, செல்சியசில் 37.8. அந்த எண்ணில் இயற்கை எந்தக் கோட்டையும் கிழித்து வைக்கவில்லை. மட்டைப்பந்து ஆட்டத்தின் மொழி வானிலைக்குள் வந்துவிட்டது, அவ்வளவே.

எந்த எண்ணாயினும் அது எங்கே அளக்கப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும். வானிலை நிலையத்தில் வெப்பமானி வெயிலில் வைக்கப்படுவதில்லை. வெள்ளை வண்ணம் பூசிய, பலகணிச் சட்டங்கள் கொண்ட மரப்பெட்டிக்குள், திறந்த வெளியில், நிலத்திலிருந்து நாலடிக்குச் சற்று மேலாக வைக்கப்படும். இப்பெட்டியை வகுத்தவர் தாமசு ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியாளர்; நீங்கள் துணைப்பாடத்தில் படிக்கும் 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் தந்தை அவர். ஆகவே, அறிக்கை 41 என்று சொன்னால் அது காற்றோட்டமுள்ள நிழலின் வெப்பம். தகரக் கூரையின் கீழும், கல்நார்க் கூரையின் கீழும், தார்ச்சாலையின் மேலும் அதனினும் மிகுந்திருக்கும்.

நம் வட்டாரத்தில் இதன் பொருள் என்ன என்பதை உங்களிற் பலர் வீட்டிலேயே காணலாம். ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையைத் தொடர்ந்து செல்லும் தோல் தொழிலில் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரிற் பெரும்பாலார் பெண்கள். தோல் பதனிடும் இடத்தில் வெயில் நண்பனும் பகைவனும் ஆகும். உப்பிட்ட பச்சைத் தோல் சூட்டில் விரைவில் கெடும். ஆதலின் வந்தவுடன் ஊறவைக்க வேண்டும். பதனிட்ட தோலை உலர்த்த வறண்ட காற்று வேண்டும். ஆனால் கோடை மிகைபட வீசினால் தோல் விறைத்துவிடும். தோலிலிருந்து கழுவிய உப்புநீரைத் தொட்டிகளில் தேக்கி வெயிலில் வற்றவைக்கிறார்கள். அதற்குக் கடும் வெயிலே வேலையாள். இந்த வேலைகள் அனைத்தையும் செய்யும் மனிதருக்கு மட்டும் வெயில் எவ்வகையிலும் நண்பனாவதில்லை. அவருக்குத் தேவையான நல்ல தண்ணீரும் இங்கே எளிதன்று. தோற்கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு 1996இல் உச்ச நீதிமன்றத்தின் புகழ் பெற்ற தீர்ப்பிற்கே பொருளாயிற்று. வெயில் மிகும் வாரத்தில்தான் அந்த இழப்பு முழுதாகத் தெரிகிறது.

வறண்ட வெப்பத்தில் ஒரு வஞ்சகம் உண்டு. சென்னையில் 37 பாகையில் வியர்வை வழிந்து சட்டை நனையும். வியர்ப்பது தெரிவதால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். நம்மூரில் 42 பாகையில் கோடைக் காற்று வியர்வையை வந்த கணமே குடித்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். வியர்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே உடலின் நீரும் உப்பும் குறைந்துகொண்டே போகும். தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, மயக்கம் ஆகியவை முதல் அடையாளங்கள். அந்நிலையில் நிழலுக்குச் சென்று, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ மோரோ நீராகாரமோ சிறிது சிறிதாகப் பருகினால் பெரும்பாலும் தேறிவிடலாம். அதைக் கடந்து, உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறி, ஒருவர் பொருளற்றுப் பேசத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. அப்போது அவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடல் முழுதும் நீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். நனைத்த அந்தச் சில நிமிடங்களே உயிரை நிறுத்தும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாரம் நிறைவுறாது. உள்ளே நடந்து வரும் கொண்டலும் எதிர்த்து வரும் கோடையும் சந்திக்கும் இடத்தில் காற்று வேறு வழியின்றி மேலெழுகிறது. கொண்டலில் ஈரம் இருந்தால் அங்கே இடிமுகில் திரளும். சவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் பிற்பகல் நான்கு மணிக்குக் கருமுகில் எழுவதும், ஒரு மணி நேரம் காற்றோடு கொட்டிவிட்டு ஓய்வதும் இவ்வாறே. மாம்பழ மழை என்று இதைச் சொல்வர். மாவுக்கு மழை நல்லது. முன்னால் வரும் சூறை பிஞ்சையும் காயையும் உதிர்த்துவிடுமாதலின் தோப்புக்காரர் அதை அச்சத்தோடுதான் வரவேற்பார். முற்றத்தில் தோல் உலர்த்தியவர் ஓடுவார். இம்மழை ஓரூரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும். ஆதலின் அறிக்கை 'ஓரிரு இடங்களில்' என்று கூறுகிறது. அதைக் கேலி செய்வார் உண்டு. அறிந்த அளவிற்குச் சொல்லி அறியாததைச் சொல்லாமல் விடுவது அறிவியலின் ஒழுக்கம். 'ஓரிரு இடங்கள்' என்பதைவிட நேர்மையான தொடரை நான் அவ்வறிக்கையில் கண்டதில்லை.

வங்கக் கடலில் புயல் எழுந்தது என்று கேட்டவுடன் மழை வரும் என்று மகிழ்வதும் இப்பருவத்தில் பொருந்தாது. புயல் வடக்கு நோக்கிச் சென்றுவிட்டால், அது சுழலும் முறையினால் நம் பக்கம் மேற்குக் காற்றே வலுக்கும், கடற்காற்று அடைபடும். 2019இல் ஃபானிப் புயல் ஒடிசாவின் பூரிக்கருகே மே 3 அன்று கரை கடந்தது. தமிழகம் எதிர்பார்த்த மழை அதனோடு போயிற்று.

எனவே வருகிற வாரத்து அறிக்கையைக் கேட்கும்போது, உச்ச வெப்பம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வானொலியை நிறுத்திவிடாதீர்கள். இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும், இரவு எவ்வளவு தணியும் என்பதையும், எல்லாவற்றிற்கும் மேலாகக் காற்று எத்திசையிலிருந்து என்பதையும் செவிமடுங்கள். தேர்வுக்குப் படிப்போர் விடியற்காலை நான்கு மணி முதல் எட்டு மணிவரையுள்ள பொழுதைப் படிப்பிற்கு எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெளியே அலைவதை விட்டுவிடலாம். தேர்வுக்கூடத்திற்கு வெகு தொலைவிலிருந்து செல்பவர்கள், வெயிலுக்கு முன்னரே சென்று சேர்ந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம், செலவில்லாதது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். வானிலைத் துறையின் நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும், ஆதலின் காலை அறிக்கையில் முந்திய நாளின் கணக்கு வந்துவிடும். அதில் வேலூரின் உச்ச வெப்பத்தையும் சென்னை மீனம்பாக்கத்தின் உச்ச வெப்பத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். மாலை நான்கு மணிக்கு உங்கள் தெருவில் கொடியோ புகையோ எத்திசையில் சாய்கிறது என்று பார்த்து அதன் எதிரே குறியுங்கள். இரவு கிழக்கிலிருந்து காற்று வந்தால் வந்த நேரத்தையும், வாராவிட்டால் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். ஏப்ரல் 24ஐ ஒட்டிய நண்பகலில் கோலின் நிழல் அடங்கிய நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களின் எண்களும் நெருங்கி வரும் நாள்களில் கொடி எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதை வாரக் கடைசியில் எடுத்துப் பாருங்கள்.